கிழிந்துபோன கடைசித் தாள்

1993ஆம் ஆண்டு. அரியாலையில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. எங்கள் வீட்டின் இரவு ஒரு ஜாம் போத்தலுக்குள் அடங்கிவிட்டது. போத்தலின் அடியில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு. அதன் மேல், சைக்கிள் வால்வுக்குள் நுழைத்த நூல் போன்ற திரி. இந்தச் சிக்கன விளக்கில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் நெடுநேரம் எரியும். வெளிச்சமோ விரித்த புத்தகத்தின் அகலத்தைத் தாண்டாது.

அந்த வெளிச்சத்தில்தான் நான் என் முதல் மர்மநாவலை வாசித்தேன். கையடக்கமான மாதநாவல், நடுவில் இரண்டு கம்பி குத்திய தாள்கட்டு. அப்படிக் கட்டிய புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் உண்மையில் ஒரே தாள்தான். ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கமும் கூடவே போய்விடும். எங்கள் கைக்கு வந்த பிரதிக்கு அதுதான் நடந்திருந்தது. தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. விவேக்கும் ரூபலாவும் வந்ததால் ராஜேஷ்குமாரின் நாவல் என்று மட்டும் தெரிந்தது. இறந்துபோன பெண்ணின் தங்கை ஒரு கதவைத் திறக்கிறாள், அங்கே நிற்பவரைப் பார்த்து, "நீங்களா?" என்கிறாள். அத்தோடு புத்தகம் முடிந்தது.

கதவுக்குப் பின்னால் நின்றது ஆர்? அந்தக் கிழமை முழுக்க எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. மாம்பழம் சந்தியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாதாடினோம். வாசிகசாலைக்கு வரும் பெரியவர்களிடம் கேட்டோம். எனக்கு முன் அதை இரவல் வாங்கிய ஓர் அண்ணா, கொப்பித் தாள் ஒன்றில் தானே ஒரு முடிவை எழுதி உள்ளே செருகியிருந்தார். அடுத்து வாங்கியவர் அதை ஏற்காமல் இன்னொன்று எழுதினார். நான் எழுதியது மூன்றாவது.

யாரும் எங்களை எழுதச் சொல்லவில்லை. படிப்பிலோ வீட்டுவேலையிலோ இல்லாத அக்கறை, காகிதத்தில் மட்டும் வாழும் ஒரு கொலைகாரன்மீது எங்கிருந்து வந்தது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

முடியாத வேலை

1920களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கூர்ட் லெவின் என்ற உளவியலாளர் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ஒருவர் லிதுவேனியாவில் பிறந்த புளூமா சைகார்னிக். உணவகப் பணியாளர்கள் இன்னும் பணம் கொடுக்காதவர்களின் கணக்கைப் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள், பணம் கிடைத்ததும் மறந்துவிடுகிறார்கள் என்ற கவனிப்பு அவர்களுடைய ஆய்வைத் தூண்டியதாகச் சொல்வார்கள். சைகார்னிக் ஆய்வுகூடத்துக்கு வந்தவர்களிடம் களிமண் உருவம் செய்தல், மணி கோத்தல், புதிர் அவிழ்த்தல் போன்ற சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தார். சிலவற்றை முடிக்க விட்டார். சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பிறகு என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டபோது, பாதியில் நின்றவை முடிந்தவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் இருந்தன. 1927இல் வெளியான இந்த ஆய்வு உளவியல் பாடநூல்களில் அவருடைய பெயராலேயே நிலைத்துவிட்டது.

அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்த மரியா ஒவ்சியாங்கினாவைப் பலருக்குத் தெரியாது. 1928இல் வெளியான அவருடைய ஆய்வு வேறொன்றைக் கவனித்தது. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவரைச் சும்மா இருக்க விட்டால் என்ன செய்வார்? பெரும்பாலானோர் யாரும் சொல்லாமல், எந்தப் பரிசும் இல்லாமல், விட்ட வேலையைத் தாமாகவே கையில் எடுத்தார்கள்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எடைபோட்ட ஒரு பகுப்பாய்வு 2025இல் வெளியானது. பாதியில் நின்றவை கூடுதலாக நினைவில் நிற்கும் என்ற சைகார்னிக்கின் முடிவு பொதுவிதியாக நிலைக்கவில்லை. விட்டதைத் தொடரத் துடிக்கிறோம் என்ற ஒவ்சியாங்கினாவின் முடிவு நிலைத்தது. முடியாத கதை நினைவில் தங்குவதைவிட அதிகமாக நம் கையைப் பிடித்து இழுக்கிறது. கொப்பித் தாளில் எங்களை எழுத வைத்தது அந்த இழுப்புத்தான்.

தமிழ்ப் பத்திரிகைகள் இந்த ஆய்வுகளை அறியாமலே இதை ஒரு கலையாக வளர்த்துவிட்டன. 1968இல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' கிழமைக்குக் கிழமை தொடராக வந்தபோது வழக்கறிஞர் கணேஷ் வாசகருக்கு அறிமுகமானான். வசந்த் பிறகு வந்து சேர்ந்தான். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி, அதன் கீழே 'தொடரும்'. அந்த ஒரு சொல் இலட்சக்கணக்கான மனங்களில் ஒரே நேரத்தில் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவைத்தது. எங்களுக்கு 1990களில் அந்தக் கிழமைக்கணக்கும் இல்லை. இந்தியப் பத்திரிகைகள் எப்போதாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தன. பன்னிரண்டாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு ஒன்பதாவதைத் தேடி அரியாலையிலிருந்து நல்லூர் வரை சைக்கிள் மிதித்தவர்களை நான் அறிவேன்.

விளக்கு வட்டம்

வாசிக்கும்போது தலைக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

2015இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மத்யூ பெஸ்டெக்கும் அவருடைய குழுவினரும் சிலரை மூளை வருடிக்குள் படுக்கவைத்து, ஹிட்ச்கொக்கின் படங்கள் உள்ளிட்ட திகில் படங்களின் காட்சிகளைக் காட்டினார்கள். படம் திரையின் நடுவில் ஓடியது. ஓரங்களில் சதுரங்கக் கட்டங்கள் மின்னிக்கொண்டிருந்தன. காட்சியில் பதற்றம் கூடக்கூட, ஓரப்பார்வையைக் கையாளும் மூளைப்பகுதியின் இயக்கம் குறைந்தது. பதற்றம் தணிந்ததும் அது மீண்டும் விரிந்தது. மூளை தன் பார்வையைச் சுருக்கிக் கதைக்குள் குவித்துவிடுகிறது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஜாம் போத்தல் விளக்குத்தான் ஞாபகம் வந்தது. வெளிச்சம் புத்தகத்தின் மேல் மட்டும். விறாந்தை இல்லை, படலை இல்லை, தூரத்துக் குண்டுச் சத்தமும் ஒரு கட்டத்துக்கு மேல் இல்லை. அதை விளக்கின் குறை என்றே அப்போது நினைத்திருந்தேன். விளக்கு இல்லாவிட்டாலும் மூளை அப்படியொரு வட்டத்தை வரைந்துகொண்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அதே ஆண்டு பெர்லினில் மொரிட்ஸ் லேனெ தலைமையிலான குழு, எழுத்தையே ஆராய்ந்தது. ஈ. டி. ஏ. ஹொஃப்மனின் 'மணல் மனிதன்' என்ற பழைய ஜெர்மன் திகில்கதையைச் சிறு பகுதிகளாக்கி, மூளை வருடிக்குள் இருந்தவர்களை வாசிக்கவைத்தார்கள். ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பரபரப்பாக இருந்தது என்று வாசகர்களே மதிப்பெண் போட்டார்கள். பரபரப்புக் கூடிய இடங்களில், மற்றவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க நாம் பயன்படுத்தும் பகுதிகளும், அடுத்து என்ன நடக்கும் என்று கணிப்பதோடு தொடர்புடைய பகுதிகளும் கூடுதலாக இயங்கின.

ஆகவே மர்மநாவலை விறுவிறுப்புக்காக மட்டும் வாசிக்கும் மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது பிழை. கதவைத் திறந்த தங்கை ஏன் பயப்படாமல் வியந்தாள்? அவளுக்குத் தெரிந்தவர் என்றால், அவளை ஏமாற்றக்கூடியவர் ஆர்? வாசகன் ஒரே நேரத்தில் நான்கு பேரின் மனத்துக்குள் புகுந்து வெளியே வருகிறான். பன்னிரண்டு வயதில், பிற மனிதரின் உள்நோக்கத்தை எடைபோடும் பயிற்சியை எனக்கு அந்தக் கிழிந்த புத்தகம் தந்தது.

கல்லுக்கு அடியில் பாம்பு

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேர் ஒரு கணினி விளையாட்டு ஆடினார்கள். திரையில் கற்கள். ஒவ்வொன்றின் கீழும் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சிறிய மின்னதிர்ச்சி. எந்தக் கல்லில் எவ்வளவு வாய்ப்பு என்பது மாறிக்கொண்டே இருந்தது. அவர்களுடைய வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தார்கள். மன அழுத்தம் எவ்வளவு என்றும் கேட்டார்கள். பாம்பு நிச்சயமாக இருக்கிறது, அதிர்ச்சி நிச்சயமாக வரும் என்று தெரிந்தபோது அழுத்தம் குறைவாகவே இருந்தது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று வாய்ப்புச் சரிபாதியாக நின்றபோதுதான் அது உச்சத்தைத் தொட்டது.

வலியைவிட, வலி வருமா என்று தெரியாமலிருப்பது கொடியது. அப்படியானால் அந்த நிலையைக் காசு கொடுத்து வாங்கி, எண்ணெயைச் சிக்கனம் பிடித்து, நித்திரை முழித்து ஏன் அனுபவிக்கிறோம்?

உளவியலாளர் மைக்கேல் அப்டர் இதற்கு ஒரு விடை தருகிறார். உடல் பதறும்போதே மனம் தன்னைச் சுற்றி ஒரு காப்புச் சட்டகத்தை வைத்துக்கொள்கிறது. கூண்டுக்குள் நிற்கும் புலியைப் பார்ப்பது போல. புலி இல்லாத கூண்டைப் பார்க்க ஆள் வராது. கூண்டு இல்லாத புலியிடமும் ஆள் நிற்காது. இரண்டும் சேர்ந்தால்தான் இன்பம்.

டோல்ஃப் ஸில்மன் 1970களில் வளர்த்தெடுத்த விளக்கம் இதை உடலோடு பொருத்துகிறது. பயத்தில் எழுந்த இதயத்துடிப்பும் படபடப்பும் உடனே அடங்குவதில்லை. அவை தணியச் சில நிமிடங்கள் ஆகும். மனமோ ஒரு வரியில் மாறிவிடும். கொலைகாரன் பிடிபட்டான், பெண் பிழைத்தாள் என்ற வரியை வாசித்ததும் உடலில் மிச்சமிருக்கும் படபடப்பு அப்படியே மகிழ்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு பயந்தோமோ அவ்வளவு ஆறுதல்.

தொடர்நாயகனின் அருமை இங்கேதான் விளங்கும். தேவனின் துப்பறியும் சாம்பு, தேநீர் குடித்தபடியே மர்மத்தை அவிழ்க்கும் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக். இவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள் என்று வாசகனுக்குத் தெரியும். 1956இல் டொனால்ட் ஹோர்டனும் ரிச்சர்ட் வோலும் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கும் முகங்களோடு பார்வையாளருக்கு ஒருவழி நட்பு உருவாவதை விவரித்தார்கள். தொடர்நாவலின் நாயகனோடும் அதுவே நடக்கிறது. பத்தாவது புத்தகத்தில் விவேக் நுழையும்போது, படலையைத் திறந்துகொண்டு சொந்தக்காரர் வருவது போல இருக்கும். இனி இவர் பார்த்துக்கொள்வார்.

கவனியுங்கள்: அந்த உறுதிமொழி நாயகனுக்கு மட்டுமே. அவனுக்கு அருகில் நிற்பவர்களுக்கு இல்லை. நல்ல தொடர் எழுத்தாளர் நாயகனைக் காப்பாற்றி, அவன் நேசிக்கும் ஒருவரை ஆபத்தில் நிறுத்துகிறார். நெஞ்சை அறுக்கும் நாவல்களெல்லாம் இந்த இடைவெளியில்தான் எழுதப்படுகின்றன. யார் பிழைப்பார் என்பது தெரியாது. விடை வரும் என்பது தெரியும். அந்த இரண்டாவது அறிவு முதலாவது அறியாமையைத் தாங்கிப்பிடிக்கிறது.

முடிவை முதலில் வாசித்தவர்

எங்கள் வீட்டில் பெரியம்மாவும் மர்மநாவல் வாசிப்பவர். ஆனால் அவர் வாசிக்கும் முறை எங்களுக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைப் புரட்டிக் கடைசி இரண்டு பக்கங்களை வாசிப்பார். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம்.

"அது பிழை பெரியம்மா. கொலைகாரன் ஆர் எண்டு தெரிஞ்சிட்டா பிறகென்ன இருக்கு?"

"ஆர் செத்தது, ஆர் தப்பினது எண்டு தெரிஞ்சாத்தான், தம்பி, நான் ஆறுதலா வாசிப்பன்."

முடிவை முன்கூட்டியே அறிவது கதையைக் கெடுக்குமா? 2011இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜொனத்தன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 12 சிறுகதைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மர்மக் கதைகள், எதிர்பாராத திருப்பக் கதைகள், இலக்கியக் கதைகள் என மூன்று வகை. முடிவை முதலே அறிந்து வாசித்தவர்கள், அறியாமல் வாசித்தவர்களைவிடக் கதைகளைக் கூடுதலாகவே இரசித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வேறு குழுக்கள் எதிர்மாறான முடிவையும் கண்டதால் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் பெரியம்மாவின் முறை வாசிப்புக்குத் துரோகம் அல்ல என்பது தெளிவாகிவிட்டது. ஆர் என்பது தெரிந்துவிட்டால், எப்படி, ஏன் என்பவற்றை நிதானமாகப் பார்க்கலாம். கொலைகாரன் முதல்முறை சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கேட்கும் இடத்தில் நாங்கள் வேகமாகப் புரட்டுவோம். பெரியம்மா நிறுத்தி, இரண்டாம்முறை வாசிப்பார்.

அந்தக் கிழிந்த புத்தகத்தை மட்டும் அவர் வாசிக்கவில்லை. கடைசித் தாள் இல்லை என்று கண்டதும் மூடி, என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். செருகியிருந்த மூன்று முடிவுகளையும் அவர் தொடவே இல்லை.

சட்டகம் இல்லாத இடம்

பெரியப்பா 1990 ஆனியில் கொழும்பிலிருந்து ஊருக்குப் புறப்பட்டவர். போர் மறுபடி தொடங்கிய நாட்கள் அவை. அவர் வந்துசேரவில்லை. எங்கே என்ற செய்தியும் வரவில்லை.

பெரியம்மா பொட்டு வைத்தார். சில உறவினர் அதை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அழித்திருந்தால் வேறு சிலர் வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள். கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்வதா? செய்தால் அவரைக் கொன்றுவிட்டது போல் ஆகாதா? தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவருடைய மகனுக்கு ஒவ்வோர் ஆடியும் ஒரு கேள்வியாகவே வந்துபோனது.

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: தெளிவற்ற இழப்பு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்தபோது வகுத்த கருத்து இது. ஒருவர் உடலால் இல்லை. ஆனால் மனத்தால் விடைபெறவும் இல்லை. சாவு வீட்டுக்கு இருக்கும் சடங்கோ ஆறுதலோ இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

2016இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு இலங்கையில் காணாமற்போனவர்களின் 395 குடும்பங்களைச் சந்தித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 'நிச்சயமின்மையோடு வாழ்தல்' என்பதே அதன் தலைப்பு. அந்தக் குழுவிடம் இலங்கையில் காணாமற்போனவர்களாகப் பதிவானோர் 16,000க்கும் மேல். பாம்பும் கல்லும் வைத்து லண்டனில் சில மணிநேரம் அளந்ததை, இந்தக் குடும்பங்கள் பத்தாண்டுக் கணக்கில் சுமக்கின்றன. வாய்ப்பு எப்போதும் சரிபாதி. கடைசிப் பக்கம் உண்டு என்ற உறுதியைத் தர எந்த எழுத்தாளரும் இல்லை.

அரியாலைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஊரின் அருகே செம்மணி வெளி. 1996இல் நடந்த ஒரு மாணவியின் கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற படையினன் ஒருவன் அங்கே பலர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் வெளிப்பட்டன. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் தெரிந்தன. அதன் பிறகு நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூடவே ஒரு நீலநிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, காலணிகள், வளையல்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி அந்தப் பொருட்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அடையாளம் காணக்கூடியவர்கள் வந்து பார்க்கலாம் என்று.

மர்மநாவலையும் இதையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். கதையின் பரபரப்பு சுகமாக இருப்பதன் காரணத்தை இங்கே நின்று பார்த்தால்தான் முழுதாகப் புரிகிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தெரியாமை தன்னளவில் இனிப்பதில்லை. விடை வரும் என்ற நம்பிக்கைதான் அதை இனிப்பாக்குகிறது. அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால், அதே மூளை, அதே கவனக்குவிப்பு, அதே ஊகிக்கும் வேலை, விட்டதைத் தொடரத் துடிக்கும் அதே இழுப்பு எல்லாம் ஒரு மனிதரை இரவெல்லாம் விழித்திருக்க வைக்கும். படலைச் சத்தம் கேட்டால் எழுந்துபோகும் தாய் செய்வது, ஒவ்சியாங்கினா கண்ட அந்த வேலைதான். அவரால் அதை முடிக்க முடிவதில்லை.

போலின் பொஸ் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று இந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும். நோய் அவர்களிடம் இல்லை, அவர்கள் சிக்கியிருக்கும் நிலைமையில் இருக்கிறது. பொட்டை அழிக்காதவள் உண்மையை ஏற்காதவள் அல்ல. திவசம் செய்தவள் நம்பிக்கையைக் கைவிட்டவளும் அல்ல. இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவது ஒரு மனவலிமை. அதனால்தான் எலும்பை ஆராயும் தடயவியலாளரின் வேலையும், மரபணுவை ஒப்பிடும் ஆய்வுகூடத்தின் வேலையும் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அவை ஒரு வீட்டின் நித்திரைக்கும் உரியவை.

பெரியம்மாவின் வாசிப்பு முறையை நாங்கள் அந்தக் காலத்தில் நையாண்டி பண்ணியிருக்கிறோம். அதை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது. அவர் அறிந்துகொள்ளக்கூடிய முடிவுகள் காகிதத்தில் மட்டுமே இருந்தன. அவற்றை முதலில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போதும் அந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது. பின்பக்கத்தை வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடுவார். சேலைத் தலைப்பால் ஜாம் போத்தலின் கரியைத் துடைப்பார். வெளிச்சம் கொஞ்சம் கூடும். பிறகு முதல் பக்கத்தைத் திறந்து, அவசரமே இல்லாமல், வாசிக்கத் தொடங்குவார்.